ஔவையார் பலர்

ஒரு பெயரைப் பலர் தாங்கி வாழ்தல் உலகத்து இயல்பு. ஓரூரில் கந்தன் என்னும் பெயருடையார் நால்வர் இருப்பின், தந்தை பெயராலும் தொழிலாலும் தெருவின் பெயராலும் அவர்களை ஊரார் வேறுபடுத்தி அறிவர். ஆயின், முன்னோர் திறத்தில் அவ்வாறு அறிதல் எளிதன்று. அவர்தம் பெயரும் பாட்டுமே எஞ்சி நிற்கின்றன. பாரியின் நண்பராகிய சங்கக் கபிலர் வேறு; பதினோராந் திருமுறையிற் காணப்படும் கபிலதேவர் வேறு என்பர் ஆராய்ச்சியாளர். இங்ஙனம் பெயரொற்றுமையால் மயக்கம் தருவோருள் தலையாயவர் ஔவையார்.

ஔவையார் என்றவுடன் நரைத்த கூந்தலும் கையிற் கோலும் உடைய மூதாட்டியின் வடிவமே மனக்கண்முன் தோன்றும். அம்மூதாட்டி அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றார், பிள்ளையாரை வழிபட்டார், சிறுவர்க்கு ஆத்திசூடி பாடினார், சோழன் அவையில் கம்பரோடு சொல்லாடினார் என்று கதைகள் கூறும். 1953ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஔவையார்' என்னும் திரைப்படமும் இக்கதைகள் பலவற்றை ஒருவர் வரலாறாகவே காட்டியது. கதைகளைக் கேட்டு மகிழ்தற்குத் தடை ஒன்றும் இல்லை. எனினும், அதியமான் சங்ககாலத்தவன். கம்பரோ அவனுக்குப் பன்னூறு ஆண்டுகள் பிற்பட்டவர். அவ்விருவரையும் கண்டு பழகுதல் ஒருவர் வாழ்நாளில் இயலுமோ? இவ்வினாவே ஆராய்ச்சிக்கு வாயிலாகும்.

சங்க ஔவையார் பாடியனவாகப் புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 ஆக 59 பாடல்கள் கிடைத்துள்ளன. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியே இவரால் மிகுதியும் பாடப்பெற்றவன். அத்தகடூர் இக்காலத்தில் தருமபுரி என வழங்குகின்றது. புறப்பாட்டு ஒன்றில் பகைவேந்தன் ஒருவன் இவரை, ஒளிபொருந்திய நெற்றியும் மைதீட்டிய கண்களும் உடைய விறலி என விளித்து, உங்கள் நாட்டிலும் போர்செய்வார் உளரோ என வினவுகின்றான். இவ்விளி முதுமகளுக்குப் பொருந்துவதன்று. கோலூன்றிய வடிவம் பிற்காலத்தார் கற்பனையில் இவர்க்கும் ஏறியதாதல் வேண்டும்.

இவர்தம் அறிவுத்திறத்தையும் அஞ்சாமையையும் தூது சென்ற நிகழ்ச்சி நன்கு விளக்கும். அதியமானின் தூதராகச் சென்ற இவரிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய்பூசி விளங்கின. இவை காவல்மிக்க மனையில் அழகுற இருக்கின்றன என்று ஔவையார் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் மொழிந்தார். புகழ்வார் போல இகழ்ந்தும், இகழ்வார் போலத் தம் தலைவனைப் புகழ்ந்தும் அவர் கூறிய நயம் உணரத்தக்கது. அதியமான் போர்க்களத்தில் மாய்ந்தபோது அவர் பாடிய கையறுநிலைப் பாட்டுக் கற்பார் நெஞ்சை உருக்கும்.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றைப் பாடிய ஔவையார் இவரின் வேறானவர். இதற்குச் சான்றுகள் உள. முதலாவது, செய்யுள் வடிவம். சங்க ஔவையார் பாக்கள் ஆசிரியப்பாவால் அமைந்தன. மூதுரையின் 30 பாக்களும் நல்வழியின் 40 பாக்களும் வெண்பாக்கள். இரண்டாவது, வழிபாடு. மூதுரையும் நல்வழியும் பிள்ளையார் வணக்கத்தோடு தொடங்குகின்றன. சங்கப் பாக்களிலோ அவ்வழிபாடு காணப்படுவதில்லை. மூன்றாவது சான்று எல்லாவற்றினும் வலியது. நல்வழியின் இறுதிப் பாட்டு, திருக்குறளோடு மூவர் பாடிய தேவாரத்தையும், திருக்கோவையாரையும், திருவாசகத்தையும், திருமூலர் வாக்கையும் ஒருங்கே போற்றுகின்றது. தேவார மூவருள் அப்பரும் சம்பந்தரும் கி. பி. 7ஆம் நூற்றாண்டினர். அவர்கள் நூலைப் போற்றியவர் அவர்களுக்குப் பின்னர் வாழ்ந்தவரே ஆதல் வேண்டும் அன்றோ? ஒளவை குறள் என்னும் யோகநூலைச் செய்தவர் பிறிதோர் ஔவையார் எனக் கருதுவாரும் உளர். ஆதலின் ஔவையார் இருவரோ, மூவரோ, அதனினும் மிக்காரோ என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றது. ஒருவர் அல்லர் என்பது மட்டும் தெளிவு.

இம்மயக்கம் எழுந்தமைக்குக் காரணம் யாது? ஔவை என்னும் சொல் தாய், மூதாட்டி எனப் பொருள்படும். அறிவிற் சிறந்த பெண்டிரை மக்கள் அப்பெயரால் வழங்கியிருத்தல் கூடும். அன்றியும், நீதிநூல்கள் திண்ணைப் பள்ளிதோறும் ஓதப்பட்டு வந்தன. சங்கநூல்களோ ஏட்டுச்சுவடிகளில் மறைந்து கிடந்தன. உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்ட பின்னரே, அதியமானின் தோழியாகிய ஔவையாரைத் தமிழர் பலரும் அறியலாயினர்.

ஒருவரைப் பலராகப் பிரித்தலால் ஔவையாரின் பெருமை குறையுமோ என ஐயுறுவார் உளர். குறையாது, பெருகும். அனைவரையும் ஒருவராக்கினால், வேந்தர் அவையில் அஞ்சாது பேசிய இளம்புலவரை மூதாட்டியின் கோல் மறைத்துவிடும். அவ்வாறே, அகரவரிசையில் அறத்தை அமைத்து, மழலையர் நாவிலும் நிற்கச் செய்தவரின் தனித்தொண்டும் சங்கப் புகழினுள் கரைந்துவிடும். ஒருவர் செய்த தொண்டினைப் பிறர்மேல் ஏற்றிக் கூறுதல், நன்றி மறத்தலின் ஒரு கூறேயாகும்.

எனவே, ஒரு நூலின் ஆசிரியர் பெயரைக் கண்ட அளவிலே அவர் இன்னார் எனத் துணிதல் கூடாது. அவர் பாடிய தலைவர் யாவர், கையாண்ட யாப்பு யாது, போற்றிய நூல்கள் யாவை என ஆராய்ந்தே தெளிதல் வேண்டும். பெயர் பலர்க்குப் பொதுவாகலாம்; பாட்டு அவரவர்க்கே உரியது.