திரையரங்கில் இடையூறு: சில குறிப்புகள்

முதல் நாள் முதல் காட்சியில் எழும் விசிலையும் கைதட்டலையும் இடையூறாகக் கருதுவது பொருந்தாது. அமைதியை நாடுவோர் இரண்டாம் வாரத்தின் வேலைநாள் பகற்காட்சியைத் தேர்ந்தெடுப்பதே தக்கது. உண்மையான தொல்லை கைபேசி ஒளியாகும்: இருட்டுக்குக் கண் மெல்ல மெல்லப் பழகுவதாகிய இருள் தகவமைவு, அருகிருக்கையில் திடீரென மின்னும் வெளிச்சத்தால் நொடியில் குலைந்து, மீள்வதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. ஓயாமல் பேசுபவரிடம் தணிந்த குரலில் ஒருமுறை வேண்டியும் பயனில்லையெனில், வாக்குவாதமே மற்றவர்க்குப் பெரிய இடையூறாகிவிடும் என்பதால், வரிசை எழுத்தையும் இருக்கை எண்ணையும் குறித்துக்கொண்டு அரங்கப் பணியாளரிடம் தெரிவிப்பது நலம். திரையைப் படம்பிடிப்பதோ வெறும் பண்பின்மை அன்று. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்குடன் அரங்கில் ஒளிப்பதிவு செய்வது, 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகும்.