சப்பிரகமுவ வாக்கும் நாட்டின் தீர்ப்பும்

“நம் மாவட்டத்தில் தோட்டத்து மக்கள் சிறு தொகையினர். நம் வாக்கினால் ஆவது யாது, ஐயா?” என உயர்வகுப்பு மாணவன் ஒருவன் வினவினான். அன்று கரும்பலகையில் எழுதிக் காட்டிய விடையை இவ்விழா மலரில் அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

2015 ஆம் ஆண்டு சனவரி 8 ஆம் நாள் சனாதிபதித் தேர்தல் நிகழ்ந்தது. மைத்திரிபால சிறிசேனவும் மகிந்த ராஜபக்ஷவும் முதன்மைப் போட்டியாளர். சப்பிரகமுவ மாகாணத்தின் இரு மாவட்டங்களிலும் ராஜபக்ஷவே முந்தினார். இரத்தினபுரியில் நூற்றுக்கு 55க்கு மேலும், கேகாலையில் 51க்கு மேலும் அவர் பெற்றார். நாடு முழுவதிலுமோ நூற்றுக்கு 51.28 பெற்றுச் சிறிசேன வென்றார்.

அங்ஙனமாயின், இவ்விரு மாவட்டங்களிலும் சிறிசேனவுக்கு விழுந்த வாக்குகள் வீணாயினவா? அன்று. அவை 5 இலட்சத்துக்கும் அதிகம். நாடளாவிய வெற்றி வித்தியாசமோ ஏறத்தாழ 4 இலட்சத்து 49 ஆயிரமே. இம்மாகாணத்தில் ‘தோற்ற’ அவ்வாக்குகள் அளிக்கப்படாதிருப்பின், நாட்டில் வென்றவர் பின்தங்கியிருப்பார். வாக்கு மறைவானதாதலின், எந்தத் தோட்டம் எவர்க்கு அளித்தது என எவரும் துணிந்து கூறுதற்கில்லை. கணக்கு மட்டும் ஐயமற்றது.

இதற்குக் காரணம் நம் தேர்தல் முறையே. அமெரிக்க நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில், ஒரு வாக்கு முந்தினும் அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் முந்தியவர்க்கே உரியர். அதனாலன்றோ 2016 இல் அதிக மக்கள் வாக்குப் பெற்ற இலாரி கிளின்டன் தோல்வியுற்றார். இலங்கையில் மாவட்ட முடிவு தனித்தனியே அறிவிக்கப்படினும், வெற்றியைத் தீர்ப்பது நாடளாவிய ஒரே கூட்டுத்தொகை. இறக்குவானையில் இட்ட புள்ளடிக்கும் கொழும்பில் இட்ட புள்ளடிக்கும் எடை ஒன்றே.

தொகுதிவாரித் தேர்தலில் நிலை வேறு. 1947 இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அவற்றுள் ஒன்றேனும் சப்பிரகமுவவில் இல்லை. அத்தேர்தலில் வாக்களித்த என் பாட்டனார், 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் மறு ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் அவ்வுரிமையை இழந்தார். எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்க 1988, 2003 ஆம் ஆண்டுகளிற் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1994 இல் வாக்களித்து மீண்ட பாட்டனார், மை தோய்ந்த விரலை அன்று மாலைவரை கழுவாதிருந்தார். அதன் பொருள் சிறுவனாகிய எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாணவர் அறியவேண்டுவது இன்னும் ஒன்றுண்டு. எவரும் செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேற் பெறாவிடின், முதலிருவர் தவிர்ந்தோர்க்கு அளித்த சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் எண்ணப்படும். 2024 இல் இது முதன்முறையாக நிகழ்ந்தது. ஆதலின் வாக்குச் சீட்டில் 1, 2, 3 என இடும் முறையையும் கற்றல் நன்று.

அம்மாணவனுக்கு நான் இறுதியிற் கூறியது இது: “தம்பி, நாம் சிறு தொகையினர் என்பது மாவட்டக் கணக்கு. நாட்டின் கணக்கில் அத்தொகையைக் கூட்டாமல் விடை வாராது. பதினெட்டு வயதானதும் இடாப்பில் உன் பெயர் உளதா என்று முதலிற் பார்.”