தானே சீறும் எஞ்சின்

தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களை உருவாக்கியது. அத்தகைய பழைய கார் ஒன்றை வாங்கியபின், ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோதே எஞ்சின் சீறினால் என் செய்வது?

பெட்ரோல் எஞ்சினின் வேகம், அது இழுக்கும் காற்றையும் பெட்ரோலையும் பொறுத்தது. அதற்குக் கார்புரேட்டரின் திராட்டில் தகடே கதவு. எனவே ஐயம் இரண்டு: கதவு முழுதும் மூடவில்லை, அல்லது வேறு வழியில் காற்று நுழைகிறது.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தகட்டைக் கையால் திறந்து விடுக. அது சட்டென்று திரும்பாவிடில் கேபிள், ஸ்பிரிங், சோக் ஆகியவற்றை ஆராய்க. திரும்பினால், எஞ்சினை ஓடவிட்டு, வாக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க; வேகம் தணிந்தால் அங்கே கசிவென ஐயுறலாம். பின்னர் மேனிபோல்டு கேஸ்கட்டின் ஓரத்தில் சிறிது சோப்பு நீர் தெளிக்க. ஓசை மாறினால் குறை அங்கேதான். பெட்ரோல் தெளித்துச் சோதிப்பது தீயை அழைப்பதாகும்.

ஐடில் திருகைத் தளர்த்திச் சீற்றத்தை அடக்குவது நோயை மறைப்பதே. விற்பவரும் அவ்வாறு செய்திருக்கலாம். ஆகவே எஞ்சின் குளிர்ந்தபோதும் சூடேறியபின்னும் கேட்டுப் பார்த்து வாங்குக.

ஓட்டும்போது சீறினால் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து, ஓரமாக நிறுத்தி, இக்னிஷனை அணைக்க. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஒரு நொடித் தாவல் ஓர் உயிரின் விலையாகிவிடும்.