களஞ்சியத்தில் எழுதப் புகும் மாணவர்க்கு

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன்; எழுதியோர் துறைதோறும் தேர்ந்தெடுக்கப்பெற்ற அறிஞர். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ, மாட்டுங்காவில் விடுதி அறையிலிருக்கும் முதலாண்டு மாணவரும் எழுதலாம். பட்டம் கேட்பார் அங்கு இல்லை. சான்று கேட்பார் உண்டு. இவ்வேறுபாட்டை உணராது புகுந்து, மனம் கசந்து வெளியேறுவோர் பலர்.

தாராவியில் பிறந்த மாணவர் ஒருவர் எழுத அமர்கிறார் என்று கொள்வோம். "என் பாட்டனார் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தார், தாராவியை உண்டாக்கியவர் தமிழரே" என எழுதுகிறார். மறுநாள் பார்த்தால் அவ்வரி இல்லை. சினம் எழுகிறது. பாட்டனார் சொன்னது பொய்யா? பொய்யன்று. ஆயினும், யாழ்ப்பாணத்திலிருந்து படிக்கும் ஒருவர் அதை எங்ஙனம் சரிபார்ப்பார்? அவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய, வெளியான சான்று வேண்டும் என்பதே களஞ்சியத்தின் விதி.

சான்று தேடினால் நம் கூற்றே திருந்தும். 1909-ஆம் ஆண்டுப் பம்பாய்க் கெசட்டியர், தாராவியைப் பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகக் குறிக்கிறது. தமிழர்க்கு முன்பே கோலி மீனவர் அங்கு வாழ்ந்தனர் அன்றோ? காலா கில்லாவின் சுவரிலுள்ள கல்வெட்டோ, ஆளுநர் ஜான் ஹார்ன் 1737-இல் அதைக் கட்டுவித்ததைக் கூறும். தமிழ்த் தோல் தொழிலாளர் வந்த வரலாறு, கல்பனா சர்மா 2000-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் உண்டு. ஆகவே பாட்டனாரின் தொழில் கட்டுரையில் இடம்பெறும். "உண்டாக்கியவர் தமிழரே" என்பது இடம்பெறாது.

"ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப் பகுதி" என்னும் தொடரும் அத்தகையதே. கராச்சியின் ஓரங்கி அதனினும் பெரிது என்பார் உளர். மக்கள் தொகையை மூன்று இலட்சம் என்பாரும் பத்து இலட்சம் என்பாரும் உண்டு. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து முடிவாகச் சொல்லுதல் நம் வேலையன்று. யார், எந்த ஆண்டில், என்ன சொன்னார் என்று எழுதிவிட்டு ஒதுங்குக.

புகழ்ச்சி பற்றி ஒரு சொல். ஒரு சங்கத்தின் ஆண்டு மலர், அச்சங்கம் தோன்றிய ஆண்டுக்குச் சான்றாகலாம். "ஒப்பற்ற தொண்டு" என்பதற்கு ஆகாது. நம் சங்கக் கட்டுரைகளில் இவ்வடைமொழிகள் மலிந்துவிட்டன. எழுதும்போது கை தானே அங்குச் செல்லும், கவனம் தேவை.

நாளிதழ்ச் செய்தியை அப்படியே படியெடுத்தல் கூடாது. சொல் மாற்றி ஒட்டுதலும் அதுவே. இயந்திரம் மொழிபெயர்த்துத் தந்ததைப் படியாமல் ஏற்றுவதும் வேண்டா. முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பழகுக. நீக்கப்பட்ட வரியை மீண்டும் மீண்டும் இடாமல், பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். பொதுவான ஐயம் எனில் ஆலமரத்தடி இருக்கிறது. களஞ்சியத்தார் தம் மன்றத்துக்கு இட்ட அழகிய பெயர் அது.

படத்துக்கு மட்டும் விதி எளிது. நீங்களே எடுத்ததாயின் அச்சிட்ட சான்று வேண்டுவதில்லை. பொதுவிடத்திலிருந்து தெரியும் கட்டடத்தைப் படமெடுக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இடந்தருகிறது. மறுசீரமைப்புக்காகத் தாராவியில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கிற்று. இன்று நிற்கும் சந்தும் பட்டறையும் எத்துணை நாள் நிற்கும்? செம்பூரிலிருந்து ஒரு ஞாயிறு காலை போய்வரும் தொலைவுதான்.

இனிப் பாட்டனாரின் மொழி. அதைக் களஞ்சியம் நேரே ஏலாது. ஆனால் இழக்கவும் கூடாது. அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து, நாளும் இடமும் குறித்து, அவர் இசைவுடன் இதழொன்றில் வெளியிடுக. நாளை ஆய்வாளர் ஒருவர் அதனைப் பிறவற்றோடு ஒப்பிட்டு நூல் எழுதினால், அந்நூலை மேற்கோளாகக் காட்டலாம். பதியும்போது அவர் சொல்லும் பழைய தெருப்பெயர்களைத் திருத்திவிடாதீர்கள்.