இலவசச் சலுகையும் பயன்பாட்டு உரிமையும்: பொழுதுபோக்கு நிரலர்களுக்கான சில பாடங்கள்

பிழைப்புக்காக அன்றி, ஆர்வத்தின் பேரில் மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் கணினி விளையாட்டுகளையும் செயலிகளையும் மின்சுற்றுப் பலகைகளையும் உருவாக்குவோரைப் பொழுதுபோக்கு நிரலர்கள் எனலாம். இவர்கள் கையாளும் கருவிகளில் பல, நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. அவை தனிநபர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ கிடைப்பதற்கு, வீட்டில் பழகிய கருவியையே அவர்கள் பின்னாளில் அலுவலகத்திலும் கேட்டு வாங்குவார்கள் என்ற வணிகக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் கணக்கு மாறும்போது இலவசமும் மாறிவிடுகிறது. மென்பொருளை யார், எதற்காக, எந்த வரம்புக்குள் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் ஒப்பந்தமே உரிமம் எனப்படுகிறது. அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தால் பயனருக்கு உறுதியாகிவிட்டவை உரிமைகள். நிறுவனம் தன் விருப்பப்படி அளித்துத் தன் விருப்பப்படியே திரும்பப் பெறக்கூடியவை சலுகைகள். உரிம மாற்றங்களும் விலை மாற்றங்களும் வந்தபோது, கருவியின் விலை பூஜ்யமாக இருந்ததா என்பதைவிட, நிரலர் நம்பியிருந்தது சலுகையையா உரிமையையா என்பதே பாதிப்பின் அளவைத் தீர்மானித்திருக்கிறது.

யூனிட்டி நிகழ்வு காட்டுவது

இதற்குத் தெளிவான சான்று, விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் யூனிட்டி எஞ்சினில் நிகழ்ந்த மாற்றம். விளையாட்டின் காட்சி, ஒலி, இயக்க விதிகள் ஆகியவற்றை ஒருங்கிணைத்து இயக்கும் அடித்தள மென்பொருளே எஞ்சின் ஆகும். 2023 செப்டம்பர் 12 அன்று அந்த நிறுவனம், 2024 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் வசூலிக்கப்படும் என்று அறிவித்தது. இலவசமான பெர்சனல் பதிப்பில், கடந்த 12 மாத வருமானம் 2 லட்சம் டாலரையும் மொத்த நிறுவல்கள் 2 லட்சத்தையும் கடந்த விளையாட்டுகளுக்கு, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நிறுவலுக்கும் 20 சென்ட் வரை கட்டணம் என்பது திட்டம். இரண்டு வரம்புகளையும் கடந்த ஓர் இலவச விளையாட்டு, பின்னர் மேலும் 8 லட்சம் முறை உயர்ந்தபட்சக் கட்டணத்தில் நிறுவப்பட்டால், செலுத்த வேண்டிய தொகை 1,60,000 டாலராகும். பதிவிறக்கம் மிகுந்தும் ஆள் ஒன்றுக்கான வருமானம் குறைந்தும் இருக்கும் விளையாட்டுகளே இதில் அதிகம் அடிபட்டிருக்கும்.

பொழுதுபோக்கு நிரலர்களுள் மிகப் பெரும்பாலோர் 2 லட்சம் டாலர் வருமானத்தை நெருங்கப்போவதில்லை. ஆயினும் அவர்களும் கொதித்தெழுந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் ஏற்கெனவே வெளியாகிவிட்ட விளையாட்டுகளின் புதிய நிறுவல்களுக்கும் இந்தக் கட்டணம் பொருந்தும் என்று கூறப்பட்டதுதான். 2019-இல் வேறொரு சர்ச்சையைத் தொடர்ந்து, பயனர்கள் தாங்கள் பயன்படுத்தும் பதிப்புக்குரிய விதிமுறைகளிலேயே நீடிக்கலாம் என்று இதே நிறுவனம் உறுதியளித்திருந்தது. விதிமுறைகள் எப்போது எப்படி மாறின என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் அவற்றை கிட்ஹப் தளத்திலும் வைத்திருந்தது. அந்த இருப்பிடம் பின்னர் நீக்கப்பட்டதும், பழைய உறுதிமொழி புதிய விதிமுறைகளில் இல்லாமற்போனதும் கட்டண அறிவிப்புக்குப் பிறகே பலரது கவனத்துக்கு வந்தன. உரிமை என்று கருதப்பட்ட ஒன்று, வாசகம் மாற்றப்பட்டதும் சலுகையாகச் சுருங்கிவிட்டதை இது உணர்த்தியது.

எதிர்ப்பு வலுத்தபின், 2023 செப்டம்பர் 22 அன்று திட்டம் திருத்தப்பட்டது. பெர்சனல் பதிப்புக்குக் கட்டணம் இல்லை என்றும், அதன் வருமான உச்சவரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் டாலராக உயரும் என்றும், 2024-இல் வரவிருந்த பதிப்புக்கு மாறுவோருக்கு மட்டுமே கட்டணம் பொருந்தும் என்றும் நிறுவனம் கூறியது. அடுத்த மாதமே தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2024 செப்டம்பரில் கட்டணத் திட்டமே கைவிடப்பட்டு, விலை கொடுத்து வாங்கும் பதிப்புகளின் சந்தா உயர்த்தப்பட்டது.

மாற்றத்தின் வகையை முதலில் அறிதல்

எல்லா மாற்றங்களும் ஒரே தன்மையின அல்ல என்பதால், அறிவிப்பு வந்தவுடன் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவது முதல் வேலையாகும்.

முதல் வகை, இலவசம் தொடர்ந்தாலும் வசதிகள் குறைக்கப்படுவது. முப்பரிமாண வடிவமைப்புக்கான ஃபியூஷன் 360 மென்பொருளின் தனிநபர் பதிப்பில், திருத்தக்கூடிய நிலையில் ஒரே நேரத்தில் 10 ஆவணங்கள் மட்டுமே இருக்கலாம் என்ற வரம்பு 2020-இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய வரம்பை மற்ற ஆவணங்களைப் படிக்க மட்டுமான நிலைக்கு மாற்றி வைத்துச் சமாளிக்கலாம். எரிச்சலூட்டுமே தவிர, வேலை நின்றுவிடாது.

இரண்டாம் வகை, இலவச அடுக்கே மறைவது. செயலிகளை இணையத்தில் இயக்க இடமளித்த ஹெரோக்கு, 2022 ஆகஸ்ட் இறுதியில் அறிவித்து, நவம்பர் 28 முதல் இலவசச் சேவையை நிறுத்தியது. நிரல் எழுதியவரின் கணினியில் பத்திரமாக இருந்தாலும், தரவுத்தளம் நிறுவனத்தின் வழங்கியில் இருந்தபடியால், மூன்று மாத அவகாசத்துக்குள் தரவை இறக்கிக்கொள்ளாமல் விட்டவர்களுக்கு மீட்க வழியில்லை. இணையத்தில் இயங்கும் சேவைக்கும் கணினியில் நிறுவப்படும் மென்பொருளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கு வெளிப்படுகிறது: நிறுவப்பட்டதில் பழைய பதிப்பிலேயே தங்கிவிட வாய்ப்புண்டு, சேவையில் அந்த வாய்ப்பு அறவே இல்லை.

மூன்றாம் வகை, திறமூல மென்பொருளின் உரிமமே மாறுவது. மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் அனுமதிப்பது திறமூல உரிமம் ஆகும். வழங்கிகளை நிர்வகிக்க உதவும் டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டிலும், தரவுகளை நினைவகத்தில் வைத்து விரைந்து வழங்கும் ரெடிஸ் 2024 மார்ச்சிலும் திறமூல உரிமத்திலிருந்து விலகின. இரண்டிலும் புதிய கட்டுப்பாடுகள், அந்த மென்பொருளையே போட்டிச் சேவையாக விற்கும் நிறுவனங்களைக் குறிவைத்தவை. வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்கு இயக்குபவரை அவை உடனடியாகத் தொடவில்லை. மேலும், ஏற்கெனவே வெளியான பதிப்புகளின் உரிமத்தைப் பின்னோக்கி மாற்ற இயலாது என்பதால், அந்தப் பழைய பதிப்புகளிலிருந்தே ஓப்பன்டோஃபு, வால்கீ என்னும் கிளைத் திட்டங்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் எழுந்தன. மூல நிரலின் நகலிலிருந்து தனி வழியில் வளர்க்கப்படும் திட்டமே கிளைத் திட்டம் எனப்படும்.

விதிமுறைகள் நிரலருக்குச் சாதகமாக மாறுவதும் உண்டு. விளையாட்டுகளை உருவாக்க உதவும் கேம்மேக்கர் 2023 நவம்பரில் வணிக நோக்கமற்ற பயன்பாட்டை இலவசமாக்கி, வணிக உரிமத்தைச் சந்தாவிலிருந்து ஒருமுறைக் கட்டணமாக மாற்றியது. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2024 அக்டோபரில் ரைடர், வெப்ஸ்டார்ம் ஆகிய நிரல் எழுதும் கருவிகளை வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசமாக்கியது. ஆனால் அவ்வாறு பயன்படுத்துவோர், பெயர் குறிப்பிடாத பயன்பாட்டுப் புள்ளிவிவரம் திரட்டப்படுவதை மறுக்க இயலாது என்ற நிபந்தனையையும் சேர்த்தது. சாதகமான அறிவிப்பையும் அதே கவனத்துடன் படிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை

பல பக்க ஒப்பந்தம் முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லாதவரும் நான்கு இடங்களைத் தேடிப் படிப்பது நன்று. வருமான வரம்பு எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பது முதலாவது. யூனிட்டி போன்ற சிலவற்றில் விற்பனை வருமானத்துடன் திரட்டிய நிதியும் கணக்கில் சேரும் என்பதால், பொதுமக்களிடம் நிதி திரட்டி விளையாட்டு செய்பவர் ஒரு பிரதிகூட விற்காமலே வரம்பைத் தொடக்கூடும். வணிக நோக்கமற்ற பயன்பாடு என்பதன் பொருள் இரண்டாவது; நன்கொடை பெறுவதும் விளம்பரம் இடுவதும் அதற்குள் அடங்குமா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். விதிமுறைகளை நிறுவனம் எந்த அறிவிப்புடன் மாற்றலாம், மாற்றத்தை ஏற்காதவர் பழைய பதிப்பைப் பழைய விதிகளின்படி தொடரலாமா என்பது மூன்றாவது. சந்தா நின்றபின் என்ன மிஞ்சும் என்பது நான்காவது. ஜெட்பிரெயின்ஸ் 2015 செப்டம்பரில் சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாக, 12 மாதங்கள் சந்தா செலுத்தியவர் அதற்குரிய பழைய பதிப்பை என்றென்றும் பயன்படுத்தலாம் என்ற விதி இரண்டே வாரங்களில் சேர்க்கப்பட்டது. நான்காம் கேள்விக்கு நல்ல விடை எப்படி இருக்கும் என்பதற்கு அதை அளவுகோலாகக் கொள்ளலாம்.

திறமூலத் திட்டமாயின், பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். பங்களிப்போர் அனைவரும் உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை ஒரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அந்நிறுவனம் வருங்காலப் பதிப்புகளை வேறு உரிமத்தில் வெளியிடுவது எளிது. லினக்ஸ் கருநிரல்போல் ஆயிரக்கணக்கானோரிடம் பதிப்புரிமை சிதறிக் கிடக்குமானால், அனைவரின் ஒப்புதலையும் பெறுவது நடைமுறையில் முடியாத காரியம் என்பதால் உரிமம் ஏறத்தாழ நிலைத்துவிடுகிறது.

ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட நாளிலேயே அதன் வாசகத்தைத் தேதியுடன் சேமித்து, திட்டத்தின் கோப்புறையிலேயே, கருவியின் பதிப்பு எண்ணுடன் சேர்த்து வைப்பது எளிய பழக்கம். யூனிட்டி சர்ச்சையில் பழைய வாசகங்களின் நகல்கள் எத்துணை மதிப்புடையவையாயின என்பதை நினைத்தால் இதன் தேவை விளங்கும்.

வேலையைக் கருவியிலிருந்து பிரித்து வைத்தல்

ஒரு விளையாட்டின் கோப்புறையைத் திறந்து பார்த்தால், எது கையோடு வரும், எது தங்கிவிடும் என்பது தெரியவரும். பி.என்.ஜி. படங்களும் வேவ் ஒலிக்கோப்புகளும் முப்பரிமாண உருவங்களும் எந்த எஞ்சினுக்கும் வரும். காட்சிகளின் அமைப்பு, அசைவு இணைப்புகள், ஒளியமைப்பு ஆகியவை வராது. நிரலைப் பொறுத்தவரை, அது எழுதப்பட்ட விதமே விடையைத் தீர்மானிக்கிறது. சதுரங்கம் போன்ற ஒரு விளையாட்டில், எந்தக் காய் எங்கே நகரலாம் என்ற விதிகளைத் தனிக் கோப்புகளில் வெறும் சி ஷார்ப் மொழியில் எழுதி, திரையில் காயை நகர்த்தும் பகுதியை மட்டும் எஞ்சினுடன் பிணைத்திருந்தால், அம்மொழியை ஏற்கும் கோடோ எஞ்சினுக்கு விதிகள் அப்படியே செல்லும். ஒவ்வொரு காய்க்குள்ளும் விதியும் அசைவும் கலந்து எழுதப்பட்டிருந்தால் அனைத்தையும் திரும்ப எழுத வேண்டியதுதான்.

வடிவமைப்புக் கோப்புகளிலும் இதே நிலைதான். ஒரு பெட்டியின் வடிவத்தை ஸ்டெப் என்னும் பன்னாட்டுத் தரக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் அதன் துல்லியமான வடிவம் வேறு மென்பொருளிலும் திறக்கும். ஆனால் முதலில் வரைந்த செவ்வகம், அதை உயர்த்திய அளவு, பின்னர் இட்ட துளைகள் என்ற படிநிலை வரலாறு அதில் இராது. எனவே ஸ்டெப் கோப்புடன் முக்கிய அளவுகளை ஒரு சாதாரண உரைக்கோப்பிலும் குறித்து வைப்பது நல்லது. ஃபியூஷனின் 2020 அறிவிப்பில் ஸ்டெப் ஏற்றுமதியும் நிறுத்தப்படுவதாக இருந்து, எதிர்ப்புக்குப் பின்னரே தக்கவைக்கப்பட்டது. ஏற்றுமதி வசதியே சலுகையாக இருக்கக்கூடும் என்பதால், தேவைப்படும் நாள்வரை காத்திராமல் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அதைச் செய்துவிடுவது பாதுகாப்பு.

கோப்பின் வடிவம் திறந்ததாக இருப்பதன் பயனை மின்சுற்று வடிவமைப்புத் துறை நன்கு காட்டுகிறது. ஈகிள் மென்பொருள் 2017-இல் சந்தா முறைக்கு மாறியது. அதற்கான ஆதரவு 2026 ஜூன் 7 அன்று முடிவுறும் என்றும் பின்னர் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் கோப்புகள் 6-ஆம் பதிப்பிலிருந்தே எவரும் படிக்கக்கூடிய எக்ஸ்.எம்.எல். உரைவடிவில் அமைந்திருந்தமையால், திறமூல மென்பொருளான கீகேட் அவற்றை நேரடியாக இறக்குமதி செய்யும் வசதியை உருவாக்க முடிந்தது.

அறிவிப்பு வந்தபின் செய்யத்தக்கவை

முதல் அறிவிப்பு எப்போதும் இறுதி வடிவமாக இருப்பதில்லை. யூனிட்டி பத்து நாள்களில் திருத்தியது. டாக்கர் நிறுவனம் 2023 மார்ச்சில் இலவசக் குழுக்கணக்குகளை நீக்குவதாக அறிவித்துப் பத்து நாள்களில் பின்வாங்கியது. ஆகவே முதல் வாரத்தில் கருவியை மாற்றிவிடுவதும், சினத்தில் கணக்கை மூடிவிடுவதும் அவசரச் செயல்களாகும். அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, புதிய விதியின்படி தமக்கு எவ்வளவு செலவாகும் என்று உண்மையான எண்களைக் கொண்டு கணக்கிடுவதும், தரவை முழுமையாக இறக்கிக்கொள்வதும், திட்டத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் மாற்றுக் கருவியில் செய்து பார்ப்பதும் பயனுள்ளவை. முடியும் தறுவாயில் உள்ள வேலையைப் பழைய கருவியிலேயே முடித்துவிட்டு, அடுத்ததைப் புதியதில் தொடங்குவது, உழைப்பை மிச்சப்படுத்தும்.

பழைய பதிப்பில் தங்கத் தீர்மானிப்பவர், நிறுவல் கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது. நிறுவனத்தின் வழங்கியில் உள்நுழைந்தால்தான் அது இயங்கும் என்றால், அந்த வழங்கி நிற்கும் நாளில் கோப்பு உதவாது. பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் விதிக்கும் சேவைகளில் எச்சரிக்கை மேலும் தேவை. கூகுள் மேப்ஸ் 2018-இல் கட்டணக் கணக்கைக் கட்டாயமாக்கியபோது, வரைபடம் பதித்த சிறு தளம் நடத்தியவரும் கட்டண அட்டையைப் பதிய நேர்ந்தது. அத்தகைய நிலையில் பயன்பாட்டு உச்சவரம்பைத் தாமே அமைத்துக்கொள்ளாமல் அட்டையைக் கொடுப்பது ஆபத்தானது. செலவு குறித்து மின்னஞ்சல் அனுப்பும் எச்சரிக்கை வசதி, சேவையை நிறுத்தும் வரம்பாகாது என்பதையும் மறத்தல் ஆகாது.

மாற்றுக் கருவிக்கு ஆதரவு தருவதும் தற்காப்பின் ஒரு கூறுதான். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் மென்பொருளின் இலவசப் பயன்பாடு 2005-இல் லினக்ஸ் நிரலர்களுக்கு நிறுத்தப்பட்டபோது அதற்கு மாற்றாகக் கிட் பிறந்ததைப்போல், ஒவ்வொரு நெருக்கடியிலும் மாற்று உடனே பிறந்துவிடாது. 2023-இல் கோடோ எஞ்சின் புகலிடமாக இருக்க முடிந்ததற்கு, அது 2014 முதலே திறமூலமாக வளர்க்கப்பட்டு வந்ததே காரணம். 2023-இல் ரீ-லாஜிக் என்னும் விளையாட்டு நிறுவனம் கோடோவுக்கு 1 லட்சம் டாலர் வழங்கியது. தனிநபர் தம் அளவில் பிழைகளை அறிவிப்பதும் விளக்கவுரைகளைத் தம் மொழியில் எழுதுவதும் அதே வகைப் பங்களிப்புகளே.

நிறுவல் கட்டணம் இறுதியில் கைவிடப்பட்டதால், 2023-இல் யூனிட்டியை விட்டு வெளியேறியவர்கள் அவசரப்பட்டார்கள் என்றோ தங்கியவர்கள் தொலைநோக்குடையவர்கள் என்றோ முடிவு கட்ட இயலாது. வேலையைக் கருவியிலிருந்து பிரித்து வைத்திருந்தவர்களுக்குப் போவதும் இருப்பதும் தாமே எடுத்த முடிவாக இருந்தன. மற்றவர்களுக்கு அந்த முடிவை நிறுவனத்தின் அடுத்த அறிவிப்பே எடுத்தது.