கையில் பட்டை இருக்க, மணிக்கட்டில் ஊசி எதற்கு?

கேள்வி: ஐ.சி.யு.வில் இருக்கும் அப்பாவுக்குக் கையில் பி.பி. பட்டை கட்டியிருக்கிறது. அப்படியிருந்தும் மணிக்கட்டுத் தமனியில் குழாய் செருகியிருக்கிறார்களே, அவசியமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் அவசியம்தான். பட்டை சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் அளக்கும். அழுத்தம் மிகவும் இறங்கினால் தவறாகவும் காட்டும். தமனிக் குழாய் ஒவ்வொரு துடிப்பையும் திரையில் காட்டும். ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி குத்தவும் வேண்டாம். கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலையில் சராசரி அழுத்தத்தை 65 மி.மீ.க்குக் குறையாமல் வைக்கப் பார்ப்பார்கள்.

ஆனால் அழுத்தம் சரியாக இருந்தாலே ரத்தம் உறுப்புகளைச் சென்றடைகிறது என்று அர்த்தமில்லை. அதனால்தான் சிறுநீரின் அளவு, ரத்தத்தில் லாக்டேட், எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் பார்க்கிறார்கள். கால்களைத் தூக்கி வைத்துப் பார்ப்பதும் சோதனையே: கால் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும்போது இதயம் வெளித்தள்ளும் அளவு கூடினால், சலைன் பயன்படும்; கூடாவிட்டால், மேலும் ஏற்றுவது நுரையீரலுக்குச் சுமை.

இதயம் வெளித்தள்ளும் அளவை அறிய, 1970இல் வந்த ஸ்வான்-கான்ஸ் குழாயை இதயத்தின் வழியே நுரையீரல் தமனி வரை செலுத்துவார்கள். வழக்கமாக எல்லோருக்கும் போடுவதால் உயிர்பிழைப்போர் கூடவில்லை என்று ஆய்வுகள் காட்டியபின் அது அரிதாகிவிட்டது. மாறாக, விரல்நுனியை அழுத்திவிட்டு, நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேலாகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, 2019இல் தென்னமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுக்குப் பின் புது மதிப்புப் பெற்றிருக்கிறது. செவிலியர் அப்பாவின் விரலை அழுத்திப் பார்த்தால், அதுவும் ரத்த ஓட்டக் கண்காணிப்புதான்.