புத்தகம் முதலில் வரட்டும், எழுத்தாளர் பிறகு வரட்டும்
கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பிள்ளைகளுக்குப் புதிய சிறார் நூல்களையும் அவற்றைச் செய்தவர்களையும் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிய முதல் மாதம் அது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு படப் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை யாரு செஞ்சாங்க?" என்று கேட்டாள். யார் எழுதினாங்க என்று கேட்கவில்லை. அவள் அப்பாவுக்கு சிப்காட்டில் ரோலிங் மில்லில் வேலை. வீடு கட்டும் கம்பி எங்கிருந்து வருகிறது, அதற்குப் பின்னால் எத்தனை பேர் வேர்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது அவளுக்கு இயல்பாகவே தோன்றியிருக்கிறது.

அந்த ஆளை அவள் முன் கொண்டுவந்து நிறுத்த என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியராக இருங்கள், பெற்றோராக இருங்கள், வார விடுமுறையில் நேரம் ஒதுக்கக்கூடிய தொழிலாளியாக இருங்கள், யாரும் தொடங்கலாம்.

படி 1: உங்கள் தெருப் பிள்ளைகள் யார் என்று பாருங்கள்

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. கும்மிடிப்பூண்டி லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும் பேசும் குடும்பங்கள் உண்டு. எல்லையோர ஊர்களில் தெலுங்கு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் தமிழ்தான், ஆனால் சொற்களும் ராகமும் வேறு. பழவேற்காட்டில் ஏரியையும் கடலையும் பார்த்து வளர்கிறவர்கள், செங்கல் சூளைகளில் சில மாதங்கள் மட்டும் இருந்துவிட்டுப் போகிறவர்கள் என்று இன்னும் பலர்.

அதனால் புத்தகம் வாங்குமுன் ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், வீட்டில் என்ன மொழி, தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார்களா சரளமாகப் படிப்பார்களா. வயதைக் கடைசியாகக் கேளுங்கள். பதின்மூன்று வயதில் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு வெட்கம் அதிகம். அவன் கையில் 'சின்னப் பசங்க புத்தகம்' என்று யாரும் சொல்ல முடியாத ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும். படக்கதைகள் அங்கே பெரிய உதவி.

படி 2: எதை வாங்குவது

தமிழில் குழந்தைகளுக்கு நல்ல புத்தகம் இல்லை என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது. அழ. வள்ளியப்பாவையும் வாண்டுமாமாவையும் படித்து வளர்ந்தவர்கள், அதற்குப் பிறகு கடைப்பக்கம் போகாமல் இருந்துவிட்டார்கள் என்பதுதான் உண்மை.

உள்ளே நுழைய எளிய வாசல், சாகித்திய அகாதமி 2010 முதல் வழங்கும் பால சாகித்திய புரஸ்கார் பட்டியல். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' (2021), ஜி. மீனாட்சியின் 'மல்லிகாவின் வீடு' (2022), உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' (2024), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025). இந்த ஆறையும் வாங்கிவிட்டால் ஒரு சின்ன நூலகம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

விருதுப் பட்டியலோடு நின்றுவிடவும் கூடாது. தூலிகா வெளியிட்ட, அசோக் ராஜகோபாலன் எழுதிப் படமும் வரைந்த 'கஜபதி குலபதி'யை எந்தக் கூட்டத்திலும் முதல் புத்தகமாக எடுப்பேன். கோயில் யானைக்குச் சளி பிடித்துவிடுகிறது, ஊரே வைத்தியம் சொல்கிறது. தும்மல் வரும் இடத்தில் தமிழ் தெரியாத ஒடியாச் சிறுவனும் எல்லோரோடும் சேர்ந்து தும்முவான். அதற்கப்புறம் அவன் நம்ம ஆள்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023-இல் தொடங்கியது. அதன் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வருகின்றன. வகுப்பைப் பார்க்காமல் வாசிப்புத் திறனைப் பார்த்துப் பிரித்த இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. அரசுப் பள்ளியில் இந்த நூல்கள் அலமாரிக்குள் பூட்டியிருந்தால், தலைமை ஆசிரியரிடம் போய்ப் பணிவாகக் கேளுங்கள். புத்தகம் கிழிந்தால் கணக்குக் கேட்பார்களோ என்ற பயம்தான் பல பூட்டுகளுக்குக் காரணம்.

வளரிளம் பருவத்தார் விஷயத்தில்தான் நமக்குப் பெரிய இடைவெளி. பதினான்கு வயதில் வாசிக்கிற பிள்ளை, சிறுவர் கதையிலிருந்து ஒரே தாவாகப் 'பொன்னியின் செல்வ'னுக்குப் போய்விடுகிறது, அல்லது வாசிப்பதையே விட்டுவிடுகிறது. இந்த வயதுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா' இன்றும் வேலை செய்கிறது. கேள்வி கேட்கிற மாணவிக்கு வகுப்பறை என்ன செய்கிறது என்ற கதை. பள்ளியில் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய 'கயிறு' அளவில் சிறிய நூல், ஆனால் அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு ஒரு மாதம் ஓடும். கீழடியைத் தொட்டுச் செல்லும் 'ஆதனின் பொம்மை'யை வரலாறு பிடிக்காத பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசும் கதை. அதைக் கொடுக்குமுன் நீங்கள் முழுதாகப் படித்திருக்க வேண்டும். படித்து முடித்த பிள்ளை உங்களிடம் எதையாவது சொல்ல வரலாம். அப்போது பதறாமல் கேட்க வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

படி 3: எங்கே வாங்குவது

தேனாம்பேட்டை இளங்கோ சாலையில் பாரதி புத்தகாலயம் இருக்கிறது. அதன் சிறார் பிரிவான புக்ஸ் ஃபார் சில்ரன் நூல்கள் கையைக் கடிக்காத விலையில் கிடைக்கும். சிறார் நூல்களுக்கென்றே இயங்கும் வானம் பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா ஆகியவற்றுக்குப் போன் செய்தாலும் அனுப்பிவைப்பார்கள். சென்னை புத்தகக் காட்சியிலும் மாவட்டப் புத்தகத் திருவிழாவிலும் வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி உண்டு.

காசே இல்லையா? பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் தெலுங்கிலும் கிடைக்கும், செலவில்லாமல் இறக்கி அச்செடுக்கலாம். அதற்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள். மற்ற நூல்களை ஜெராக்ஸ் போடாதீர்கள். எழுத்தாளரை வீட்டுக்கு அழைக்கப் போகிறவர்கள் நாம்.

படி 4: ஆறு வாரம் வாசியுங்கள்

இதுதான் முக்கியமான படி, பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் எழுத்தாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். பந்தல், மாலை, சால்வை, குத்துவிளக்கு. நான்கு பேர் வாழ்த்துரை. பிள்ளைகள் வெயிலில் சப்பணம் போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் எழுத்தாளர் மைக்கைப் பிடித்து, "என் புத்தகத்தை யாரெல்லாம் படிச்சிருக்கீங்க?" என்றார். ஒரு கையும் எழவில்லை. அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் நானும் நாற்காலி எடுத்துப் போட்டவள். அன்றைக்குத் தீர்மானித்தேன், இனி புத்தகம் வந்து ஆறு வாரத்துக்குப் பிறகுதான் எழுத்தாளர்.

ஒரே நூலில் ஐந்து பிரதிகள் வாங்குங்கள். ஐம்பது தலைப்பில் ஒவ்வொன்று வாங்குவதைவிட இது மேல், ஏனென்றால் ஒரே கதையைப் படித்தவர்கள்தான் சண்டை போடுவார்கள். முதல் வாரம் நீங்கள் சத்தமாக வாசியுங்கள், பாதியில் நிறுத்துங்கள். அடுத்த வாரங்களில் பிரதிகள் வீடு மாறி வீடு போகட்டும். நான்காவது வாரம் ஒரு அட்டையில் கேள்விகளை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். "பாட்டி பாத்திரத்தை ஏன் சாகடிச்சீங்க?" மாதிரிக் கேள்வி வந்தால் பிள்ளைகள் தயார்.

ஞாயிறு காலை பத்து மணி எங்களுக்குச் சரிப்பட்டது. நைட் ஷிஃப்ட் முடிந்த அப்பாக்கள் தூங்கும் நேரம், ஒற்றை அறை வீட்டில் சத்தம் போடாமல் பிள்ளைகள் வெளியே வரவேண்டிய நேரம். இடம் இல்லையென்றால் ஊர்ப்புற நூலகத்தையோ கிளை நூலகத்தையோ கேளுங்கள். நூலக வாசகர் வட்டத்தில் பெரும்பாலும் பெரியவர்கள்தான் இருப்பார்கள், பிள்ளைகள் வந்தால் மகிழ்வார்கள்.

படி 5: அழைப்பது

தமிழ்ச் சிறார் எழுத்தாளர்களை எட்டுவது கடினமில்லை. பதிப்பகத்துக்கு எழுதினால் சேர்த்துவிடுவார்கள். 2021-இல் உருவான தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும் இருக்கிறது. 1950-இலேயே வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டவர். இங்கே இவர்கள் கூடிச் செயல்படுவது பழைய வழக்கம்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: "நாங்கள் கும்மிடிப்பூண்டியில் இருபத்திரண்டு பிள்ளைகள். உங்கள் நூலை ஆறு வாரமாக வாசிக்கிறோம். அவர்கள் எழுதிய கேள்விகளை இணைத்திருக்கிறோம். ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் வர முடியுமா? பயணச் செலவு தருவோம், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். மதிப்பூதியம் எவ்வளவு என்று தயங்காமல் சொல்லுங்கள்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எழுத்தும் உழைப்புதான், ஓ.டி.க்குக் கணக்குப் பார்க்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருபது வீட்டில் ஐம்பது ரூபாய் என்றாலே ஆயிரம் ஆகிவிடும்.

பள்ளி வளாகம் என்றால் தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது. வழியைத் தெளிவாக எழுதுங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சார ரயில் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு பாதை. ஒரே மாவட்டம்தானே என்று ஒரே நாளில் இரண்டு ஊரிலும் கூட்டம் வைத்து அவரை அலைக்கழிக்காதீர்கள்.

படி 6: அன்றைக்கு

மேடை வேண்டாம். பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள், எழுத்தாளரும் பாயில்தான். வரவேற்பு ஒரு நிமிடம், அதையும் ஒரு பிள்ளை சொல்லட்டும். சால்வைக்குப் பதில் பிள்ளைகள் வரைந்த படம். கேள்வி அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் பின்னால் போய்விடுங்கள்.

கையெழுத்து வாங்கப் புத்தகம் இல்லாத பிள்ளை நிச்சயம் ஒருவனாவது இருப்பான். அவனுக்கென்று இரண்டு பிரதி கூடுதலாக வாங்கி வையுங்கள்.

படி 7: ஓவியரை மறக்காதீர்கள்

ஓவியர், வடிவமைப்பாளர், அச்சிடுபவர் எல்லோரும் சேர்ந்துதான் புத்தகம் ஆகிறது. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைத் திருவான்மியூருக்குக் கூட்டிப்போய்த் தாரா புக்ஸின் புக் பில்டிங்கைக் காட்டுங்கள், முன்னதாகக் கேட்டுக்கொண்டு. கோண்டு ஓவியர்களின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கறுப்புக் காகிதத்தில் ஒவ்வொரு நிறமாகக் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்த நூல். மோந்து பாருங்கள், மை வாசனை வரும். விரலால் தடவினால் கோடு தட்டுப்படும். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் அதை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா பெயிண்ட் ஷாப்ல பண்ற மாதிரிதான்" என்றான். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு.

படி 8: பிள்ளைகள் செய்யட்டும்

எழுத்தாளர் போன மறுவாரம் ஆளுக்கொரு ஏ4 தாள் கொடுங்கள். மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம் வரும். விரித்து, நீளவாக்கில் பாதியாக மடித்த கோட்டில் நடு இரண்டு கட்டத்துக்கு மட்டும் வெட்டி, மறுபடி நீளவாக்கில் மடித்து இரு முனையையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். தைக்க வேண்டாம், பசை வேண்டாம்.

முதலில் சொன்ன ஆறாம் வகுப்புப் பெண் 'சிவப்புக் கம்பி' என்று ஒன்று எழுதினாள். உலையிலிருந்து வரும் கம்பி, குளிர்ந்து கறுக்கும்வரை பார்க்கும் உலகம்தான் கதை. வெட்டுக்கோடு நேராக வரவில்லை என்று வீட்டுக்கு எடுத்துப்போய், வார விடுமுறையில் இருந்த அப்பாவிடம் பிளேடால் வெட்டி வாங்கி வந்தாள். பின்னட்டையில் 'செய்தவர்கள்' என்று போட்டு, தன் பேருக்குக் கீழே அவர் பேரையும் எழுதியிருந்தாள்.